முழுச் சாப்பாடு அளவுச் சாப்பாடான கதை

ஓட்டல் விலை ஏறிவிட்டது என்று பேசுகிறவர்கள் பலகையில் இருக்கும் எண்ணைத்தான் பார்க்கிறார்கள். சென்னையில் சைவ ஓட்டல்களின் சரக்கறையில் கணக்கு எழுதியே பிழைத்தவன் நான். நான் பார்த்தவரை அந்த எண் கடைசியாகத்தான் மாறும். அதற்கு முன்பே இலையில் ஏதாவது ஒன்று குறைந்திருக்கும். இட்லி ஒரு சுற்று சிறுத்திருக்கும். கூட்டு மறுமுறை வராது. மூன்று தடவை வந்த சாம்பார் வாளி இரண்டு தடவையோடு நின்றுவிடும். சாப்பிடுகிறவருக்கு வயிறு சொல்லும்; ஆனால் எதைக் காட்டிக் கேட்பது என்று தெரியாது. அதனால் ஓட்டல் விலையின் வரலாற்றைச் சொல்ல வேண்டுமென்றால் இலையில் விழுந்த அளவின் வரலாற்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சோற்றை விற்பது பாவம் என்று நினைத்த ஊர் இது. வழிப்போக்கனுக்குச் சத்திரம் இருந்தது. தஞ்சை மராத்திய மன்னர்கள் ராமேசுவரம் போகும் பாதை நெடுக சத்திரங்கள் கட்டினார்கள். ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரம் இரண்டாம் சரபோஜி காலத்தது. ஆட்சியே கைவிட்டுப் போன நேரத்திலும் சத்திரங்களை மட்டும் காப்பாற்றித் தரும்படி அவர் ஆங்கிலேயரிடம் எழுதிக் கேட்டார். வள்ளலார் 1867 மே மாதம் வடலூரில் தருமச்சாலையின் அடுப்பை மூட்டினார். அது இன்றும் எரிகிறது. சோறு என்றால் வீட்டில் கிடைக்க வேண்டும், இல்லையென்றால் தர்மமாகக் கிடைக்க வேண்டும். காசு கொடுத்து வாங்கும் சோறு என்ற ஒன்று குடும்பக் கணக்கில் இல்லவே இல்லை.

ரயிலும் கச்சேரி உத்தியோகமும் அதை மாற்றின. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊருக்கு ஊர் காபி கிளப்புகள் முளைத்தன. வீட்டுப் பெரியவர்களுக்கு அது பிடிக்கவில்லை. காபியும் கிளப்பும் நம் நடுத்தர வர்க்கத்தை எப்படி ஆட்டிவைத்தன என்பதை ஆ.இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். என் அப்பா கும்பகோணத்தில் அப்படியொரு கிளப்பில் சிறுவனாக நுழைந்து சப்ளையர் ஆனவர். பிற்பாடு பட்டணம் வந்தார். அதற்குள் உடுப்பிக்காரர்கள் இங்கே வேரூன்றிவிட்டார்கள். கே. கிருஷ்ணராவ் ராயப்பேட்டையில் உட்லண்ட்ஸைத் தொடங்கியது 1938இல். சுத்தமும் சுவையும் இருந்தன. ஆனால் பந்தி எல்லோருக்கும் ஒன்றாக இல்லை. ஓட்டல் பெயர்ப் பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எதிர்த்துப் பெரியார் திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் மறியல் நடத்தியது 1957இல்தான். விலை கட்டுப்படியானாலும் உள்ளே போய் உட்கார முடியாதவர்கள் இருந்த காலம் அது. அந்தக் கால மலிவைப் புகழ்கிறவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

முழுச் சாப்பாட்டின் சூட்சுமத்தை அப்பா எனக்குச் சின்ன வயதிலேயே விளக்கியிருக்கிறார். ஓட்டல் முதலாளிக்கு லாபம் காபியிலும் பலகாரத்திலும்தான். பகல் சாப்பாடு ஆளை இழுக்கும். இழுத்த ஆள் சாயங்காலம் டிபனுக்கு வருவான். இலை போட்டுக் கேட்கக் கேட்கப் பரிமாறினாலும் நூறு பேரில் பத்துப் பேர்தான் மூன்றாவது முறை சோறு கேட்பார்கள், பத்துப் பேர் முதல் சோற்றிலேயே மோருக்குப் போய்விடுவார்கள் என்பது அப்பாவின் கணக்கு. குறைவாகச் சாப்பிடுகிறவர் நிறையச் சாப்பிடுகிறவரின் செலவைத் தெரியாமலே சுமக்கிறார். திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் தங்கிய குமாஸ்தாக்களும் மாணவர்களும் மாதச் சாப்பாட்டு டோக்கன் புத்தகம் வாங்கினார்கள். முதல் தேதியே பணம் கையில் வந்துவிடுவதால் முதலாளி அரிசி மூட்டையை மொத்தமாக வாங்கிப் போட முடிந்தது. வாங்கியவருக்கோ சம்பளத்தில் சாப்பாட்டுச் செலவு எவ்வளவு என்பது முதல் தேதியே தெரிந்துவிடும். வீட்டுக்கு மணியார்டர் அனுப்ப மீதி எவ்வளவு என்பதும் தெரிந்துவிடும். ஒண்டிக்கட்டைகளின் பட்ஜெட் என்றால் அந்த டோக்கன் புத்தகம்தான்.

இந்த ஏற்பாடு மொத்தமும் அரிசி மலிவாகக் கிடைப்பதை நம்பி நின்றது. 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் ரங்கூன் அரிசி நின்றது. அடுத்த ஆண்டு சென்னையில் ரேஷன் வந்தது. சோறு அளந்து போடும் பழக்கம் ஓட்டலுக்குள் முதன்முதலாக நுழைந்தது அப்போதுதான் என்று அப்பா சொல்வார். ரவைக்கு மவுசு வந்ததும் அதே சமயத்தில்தான். ரவா இட்லி அந்தத் தட்டுப்பாட்டில் தங்கள் சமையலறையில் பிறந்தது என்று பெங்களூரு எம்.டி.ஆர். ஓட்டல்காரர்கள் சொல்கிறார்கள். 1952இல் ராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை எடுத்தபோது முழுச் சாப்பாடு பழைய கம்பீரத்தோடு திரும்பியது.

நயா பைசா வந்த சமயத்தில் கல்லாவில் நடந்த சண்டைகளை அப்பா கதை கதையாகச் சொல்வார். 1957 ஏப்ரல் முதல் தேதி முதல் ரூபாய்க்கு நூறு நயா பைசா. ஓர் அணா என்றால் ஆறேகால். ஆறேகாலுக்குக் காசு கிடையாது. அரசு அச்சடித்த அட்டவணையில் ஓர் அணாவுக்கு 6, இரண்டு அணாவுக்கு 12, மூன்று அணாவுக்கு 19, நாலணாவுக்கு 25 என்று இருந்தது. இரண்டணா காபிக்கு 12 வாங்கினால் ஒவ்வொரு டம்ளரிலும் கடைக்கு அரைப் பைசா நட்டம். 13 வாங்கினால் குடித்தவர் சும்மா விடமாட்டார். ஒரு நாளைக்கு எத்தனை நூறு டம்ளர் போகிறதோ அத்தனை அரைப் பைசா! கையிருப்பில் அணாவும் பைசாவும் கலந்து கிடந்த அந்த ஆண்டுகளில், ஒரே ஆளாக இரண்டு பலகாரமும் காபியும் சேர்த்து வாங்கினால் ஒரு தொகை, தனித்தனியாக வாங்கினால் வேறு தொகை என்று ஆனது. கணக்குத் தெரிந்த வாடிக்கையாளர்கள் சேர்த்தும் பிரித்தும் வாங்கிப் பழகினார்கள். அரைப் பைசாவுக்கு மனிதர்கள் நின்று வாதாடியதைக் கஞ்சத்தனம் என்று நான் நினைக்கமாட்டேன். அவர்கள் மாதச் சம்பளத்தைத் தெரிந்து செலவழித்தவர்கள்.

1965இல் பாகிஸ்தானோடு போர், தானியத்துக்கு அமெரிக்கக் கப்பலை எதிர்பார்க்கும் நிலை. வாரத்தில் ஒரு வேளைச் சாப்பாட்டை விடுங்கள் என்று பிரதமர் சாஸ்திரி கேட்டார். திங்கட்கிழமை இரவுகளில் ஓட்டல்கள் அடுப்பை மூட்டவில்லை. அடுத்த இரண்டு ஆண்டுகளில் அரிசித் தட்டுப்பாடு இங்கே ஓர் ஆட்சியையே கவிழ்த்தது. ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று சொல்லி வந்த தி.மு.க. அரசு 1967இல் ரூபாய்க்கு ஒரு படி போடத் தொடங்கியது, சென்னையிலும் கோவையிலும். இந்த நாட்டில் சோற்று விலையைக் கடைக்காரர் மட்டும் தீர்மானித்ததே இல்லை.

அரசு நேரடியாக ஓட்டல் விலையைப் பிடித்து நிறுத்தப் பார்த்ததும் உண்டு. எழுபதுகளின் நடுவில் எண்ணெய் நெருக்கடியும் வறட்சியும் சேர்ந்து விலைவாசி எகிறியது. நெருக்கடி நிலைக் காலத்தில் கர்நாடகத்தில் ஓட்டல்கள் பலகாரத்தை இன்ன விலைக்குத்தான் விற்க வேண்டும் என்றார்கள். பெங்களூரு எம்.டி.ஆர். தரத்தைக் குறைக்க மறுத்தது. ஒவ்வொரு நாளும் எவ்வளவு நட்டம் என்று வாசலில் எழுதி வைத்தது என்பார்கள். கடைசியில் ஓட்டலை மூடிவிட்டு, பொட்டலத்தில் இட்லி மாவும் மசாலாப் பொடியும் விற்கப் போனார்கள். இன்று நம் வீட்டு அலமாரியில் இருக்கும் உடனடிக் கலவைப் பொட்டலத்துக்கு இப்படியும் ஒரு பூர்வீகம் உண்டு. விலையைக் கட்டிவிட்டால் அளவோ தரமோ குறையும், இரண்டையும் குறைக்காதவர் கடையை மூடுவார் என்பதை எங்கள் தொழிலில் எல்லோரும் அதிலிருந்து கற்றுக்கொண்டார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எண்பதுகள் தொடங்கிவிட்டன. எங்கள் ஓட்டலில் இரண்டு பலகைகள் தொங்கின. ஒன்றில் முழுச் சாப்பாடு, மற்றொன்றில் அளவுச் சாப்பாடு. அளவுச் சாப்பாட்டுக்குத் தட்டு. கிண்ணத்தில் கவிழ்த்த சோறு. சிறு கிண்ணங்களில் குழம்பு, ரசம், மோர். அவசரமாகச் சாப்பிட்டுவிட்டு அலுவலகம் திரும்புகிறவர்களுக்கு அது வசதி. முதலாளிக்கும் வசதி, ஏனென்றால் ஒரு தட்டுக்கு எவ்வளவு அரிசி என்பது நிச்சயம். மூன்றாம் சோறு கேட்கிறவர் இனிமேல் கேட்கமாட்டார். பழைய ஏற்பாட்டில் ஒருவர் பசியை மற்றவர் சுமந்ததாகச் சொன்னேனே, அது இங்கே அறுந்தது. சுமை தூக்குகிறவரும் கணினி முன் உட்காருகிறவரும் ஒரே அளவுச் சோற்றுக்கு ஒரே காசு கொடுத்தார்கள். உடம்பு உழைப்பவருக்கு அது எப்படிப் போதும்? அவர் 'எக்ஸ்ட்ரா சாதம்' வாங்க வேண்டியதாயிற்று. நான் எழுதிய கணக்குகளிலேயே எனக்கு இன்றுவரை உறுத்துவது எக்ஸ்ட்ரா சாதத்துக்குப் போட்ட அந்தத் தனி வரிதான்.

சரக்கறையில் உட்கார்ந்தால் விலைவாசி செய்தித்தாளுக்கு முன்பே தெரியும். இட்லியின் உயிர் உளுந்தில் இருக்கிறது. நல்ல உளுந்து ஆட்ட ஆட்டக் காணும். மாவு பொங்கி மேலே வரும். மட்டமான உளுந்து காணாது. அளவைக் கூட்ட வேண்டும், இல்லையென்றால் இட்லி கல். விலை ஏறும்போது முதலாளி மலிவு உளுந்தை வாங்கச் சொல்வார், மாஸ்டர் முடியாது என்பார், நான் நடுவில் நிற்பேன். பருப்பு கதை இதைவிடக் கடுமை. திருவல்லிக்கேணி ரத்னா கபே 1948இலிருந்து இட்லியைச் சாம்பாரில் மிதக்கவிட்டே பெயர் வாங்கியது. எங்களைப் போன்ற கடைகளிலும் இட்லிக்குத்தான் விலை, சாம்பார் கேட்ட அளவு. 2015இல் துவரம்பருப்பு கிலோ இருநூறு ரூபாயைத் தொட்டபோது இந்த இலவசம்தான் எங்களைக் கொன்றது. பரங்கிக்காய் கூடியது. மைசூர்ப் பருப்பு கலந்தது. வாளியைத் தூக்கிக்கொண்டு சுற்றிய பையனை இனிமேல் கேட்டால் மட்டும் போ என்றார்கள். விலைப்பலகை அப்படியே இருந்தது. 2019 டிசம்பரில் வெங்காயம் எகிறியபோது வெங்காய ஊத்தப்பம் 'இன்று இல்லை' ஆனது. 2023 ஜூலையில் தக்காளியை ரேஷன் கடையில் அறுபது ரூபாய்க்கு விற்கும் நிலை வந்தபோது, நான் ஓய்வு பெற்றிருந்தும், நாக்கில் புளி கூடியதை வைத்தே ரசத்தில் தக்காளி குறைந்ததைக் கண்டுபிடித்தேன்.

பழைய மலிவுக்கு வேறொரு காரணமும் உண்டு, அதைச் சொல்லாமல் போனால் இந்தக் கணக்கு பொய்யாகிவிடும். மேசை துடைத்தவர்களும் தண்ணீர் வைத்தவர்களும் சிறுவர்கள். தெற்குச் சீமையின் வானம்பார்த்த ஊர்களிலிருந்து வந்து, ஓட்டல் மாடியிலேயே படுத்து, விடியற்காலை நாலு மணிக்கு எழுந்தவர்கள். மூன்று வேளைச் சோறும் கொஞ்சம் பணமும்தான் கூலி. பதினான்கு வயதுக்குட்பட்டவர்களை ஓட்டல் வேலைக்கு வைக்கக் கூடாது என்று 2006 அக்டோபரில் தடை வந்தது. வந்தே ஆக வேண்டிய தடை. அவர்கள் இடத்துக்கு ஒடிசாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் பெரியவர்கள் வந்தார்கள். அவர்களுக்குச் சம்பளம், தங்குமிடம், ஊருக்குப் போய்வர ரயில் செலவு. அன்று நாம் குறைந்த விலைக்குச் சாப்பிட்ட இட்லியின் மீதி விலையை அந்தச் சிறுவர்கள் பள்ளிக்கூடத்தை விட்டுக் கொடுத்தார்கள். இன்றைய விலையில் ஒரு பகுதி நாம் எப்போதோ கொடுத்திருக்க வேண்டிய விலை.

வீட்டுக் கணக்கை என் மனைவி எழுதினாள். நான் ஓட்டல் வாங்கியதை எழுத, அவள் வீடு செலவழித்ததை எழுதினாள். பால், மளிகை, வாடகை, பள்ளிக் கட்டணம், மருந்து, சீட்டு என்று தலைப்புகள். ஓட்டலுக்குத் தலைப்பே கிடையாது. எப்போதாவது கோயிலுக்குப் போய்விட்டு வரும்போது சாப்பிட்ட மசால் தோசை 'இதர'வில் போய்ச் சேரும். பிரசவத்துக்கு அவள் தாய்வீடு போயிருந்த மாதங்களில் மட்டும் நான் டோக்கன் பணத்தைத் தனியாக எழுதினேன். இப்போது கணக்கு மருமகளின் கைப்பேசியில் இருக்கிறது. அதில் வெளிச் சாப்பாடு தனித் தலைப்பு. மளிகைக்கு அடுத்து அதுதான். நாட்டுக் கணக்கும் இதையே சொல்கிறது. ஒன்றிய அரசின் குடும்பச் செலவு ஆய்வின்படி 1999–2000இல் நகர்ப்புறக் குடும்பம் தன் செலவில் 48.06 சதவீதத்தை உணவுக்குக் கொடுத்தது, 2022–23இல் 39.17 சதவீதம்தான். உணவின் பங்கு குறைந்திருக்கிறது. ஆனால் அந்த உணவுக்குள்ளே பானங்கள், பலகாரங்கள், சமைத்த உணவு, பொட்டல உணவு எல்லாம் சேர்ந்து மொத்தச் செலவில் 10.64 சதவீதம், அரிசி, கோதுமைக்குக் கொடுப்பதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். ஓட்டல் விலை ஏறினால் முணுமுணுத்துவிட்டு வீட்டில் பொங்கிக்கொண்ட குடும்பம் எங்களுடையது. கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் வீட்டில் அந்த வழி பாதி அடைபட்டுவிட்டது. எட்டு மணிக்கு வீடு திரும்புகிற பெண்ணிடம் சமைத்துச் சிக்கனம் செய் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

விலையை அசையாமல் நிறுத்திக் காட்டிய ஓர் ஏற்பாடு நம் கண்முன்னே இருக்கிறது. 2013 பிப்ரவரியில் சென்னை மாநகராட்சி அம்மா உணவகங்களைத் திறந்தது. இட்லி ஒரு ரூபாய், பொங்கலும் சாம்பார் சாதமும் ஐந்து ரூபாய், தயிர்சாதம் மூன்று ரூபாய். மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள் சமைக்கிறார்கள். நட்டத்தை மாநகராட்சி ஏற்கிறது. ஓட்டல்காரர்கள் சிலர் அப்போது கவலைப்பட்டார்கள், நான் படவில்லை. அங்கே நின்றவர்கள் எங்கள் கடைக்கு அளவுச் சாப்பாட்டுக்குக்கூட வர முடியாமல் டீயும் பன்னுமாகப் பகலைத் தள்ளியவர்கள். கட்டடத் தொழிலாளியும் மருத்துவமனையில் நோயாளிக்குத் துணையிருப்பவரும் ஒரு நாள் சாப்பாட்டை இருபது ரூபாய்க்குள் முடிக்க முடிந்தது. சத்திரத்தின் வேலையை நூற்றாண்டு கழித்து மாநகராட்சி எடுத்துக்கொண்டது என்றே நான் நினைக்கிறேன்.

வரியும் எரிவாயுவும் விலைக்குள் எப்படிப் புகுகின்றன என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது ஏ.சி. ஓட்டலுக்கு 18 சதவீதம், ஏ.சி. இல்லாததற்கு 12. கூச்சல் எழுந்ததும் நவம்பர் 15 முதல் இரண்டுக்கும் 5 சதவீதம் என்றார்கள். பில்லின் அடியில் எண் குறைந்தது. ஆனால் ஓட்டல் தான் வாங்கும் பொருளுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் உரிமையும் அத்தோடு போனது. வணிக சிலிண்டர், பார்சல் டப்பா, கடை வாடகை எல்லாவற்றுக்கும் கட்டும் வரி அடக்கவிலையில் ஏறி, தோசை விலையாக வெளியே வருகிறது. 2021 நவம்பரில் சென்னையில் 19 கிலோ வணிக சிலிண்டர் 2,133 ரூபாய்; வீட்டுக்கு வரும் 14.2 கிலோ சிலிண்டர் 915 ரூபாய் 50 காசு. கிலோவுக்குக் கணக்குப் போட்டால் ஓட்டல் அடுப்பு 112 ரூபாய்க்கும் வீட்டு அடுப்பு 64 ரூபாய்க்கும் எரிந்தது. 2022 ஜூலையில் 25 கிலோ வரையான முத்திரையிட்ட அரிசி மூட்டைக்கு 5 சதவீத வரி என்றதும் ஆலைக்காரர்கள் 26 கிலோ மூட்டை போட ஆரம்பித்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் ஆவின் ஆரஞ்சுப் பாக்கெட் லிட்டர் 48இலிருந்து 60 ஆனது. 2025 தொடக்கத்தில் காபிக்கொட்டை உலகச் சந்தையில் அதுவரை இல்லாத உயரத்துக்குப் போனது. ஒரு டம்ளர் காபிக்குள் பாலும் கொட்டையும் எரிவாயுவும்தானே இருக்கின்றன?

இப்போது பலகையும் போய்விட்டது. முன்பு விலையை ஏற்றினால் பெயிண்டரைக் கூப்பிட வேண்டும்; வாடிக்கையாளர் பழைய எண்ணின் சுவட்டைப் பார்த்துக் கேள்வி கேட்பார். அதனால் முதலாளி ஆறு மாதம் யோசிப்பார். இன்று மேசையில் ஒட்டிய க்யூ.ஆர். கட்டத்தைக் கைப்பேசிக்குக் காட்டினால் விலைப்பட்டியல் விரிகிறது; காலையில் ஒன்று, வார இறுதியில் ஒன்று என்று மாற்றினாலும் சுவடு இருக்காது. வீட்டுக்கு வரவழைத்தால் அதற்கொரு விலை, பொட்டலத்துக்கு ஒரு கட்டணம், கொண்டுவரும் செயலிக்கு ஒரு கட்டணம். போதாததற்கு 'மினி மீல்ஸ்'. சாம்பார் சாதம், தயிர்சாதம், ஒரு கரண்டி பொரியல் என்று பெட்டிக்குள் எல்லாம் அடங்கிவிடுகிறது. அளவுச் சாப்பாட்டுக்கும் கீழே ஓர் அளவு.

விலையை இறக்கு என்று எந்த ஓட்டல்காரரையும் நான் கேட்கமாட்டேன். அவர் கணக்கு எனக்குத் தெரியும். அளவை எழுதி வையுங்கள் என்று கேட்கிறேன். பத்து அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் உள்ள உணவகங்கள் ஒரு பரிமாறலின் அளவையும் கலோரியையும் பட்டியலில் காட்ட வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி 2022இலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. அளவை மட்டும் எழுதும் கடமையைத் தெருமுனை மெஸ் வரைக்கும் நீட்டலாம். அதற்குக் கருவி எதுவும் வேண்டாம், ஒரு தராசு போதும். இட்லி ஒன்று எத்தனை கிராம், கிண்ணச் சோறு எத்தனை கிராம், வடை எத்தனை கிராம், மறுசோறு உண்டா இல்லையா என்று விலைக்குப் பக்கத்தில் இருக்கட்டும். அப்போது என் மருமகள் தன் கைப்பேசிக் கணக்கில் இந்த ஆண்டையும் போன ஆண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, அதிகமாகக் கொடுத்தது எவ்வளவு, குறைவாக வாங்கியது எவ்வளவு என்று இரண்டும் அவளுக்குத் தெரியும்.